யார் வந்தால் கூட்டம் கூடும்? கிராம சபையிலும் சமத்துவபுரத்திலும் குறைவெண்ணின் அரசியல்

சேலம், நாமக்கல் சமவெளியில் நாங்கள் பார்த்த கிராம சபைகளில் பந்தலை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள். அவர்களில் கணிசமானோர் காலனிகளிலிருந்து வருகிறவர்கள். பணித்தளப் பொறுப்பாளர் சொல்லியனுப்ப வருகிறார்கள். பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ இடுகிறார்கள். சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைகிறார்கள். தீர்மானங்கள் அதற்குப் பிறகுதான் வாசிக்கப்படுகின்றன, சில இடங்களில் வாசிக்கப்படுவதே இல்லை. ஆண்டுக் கணக்கில் இதைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கூட்டம் செல்லுபடியாவதற்கு நமது பெண்கள் தேவைப்படுகிறார்கள், கூட்டத்தின் முடிவுக்கு அவர்கள் தேவைப்படுவதில்லை. இந்த இரண்டையும் பிரித்து வைக்கும் கருவிக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: குறைவெண் வரம்பு, பேச்சுவழக்கில் கோரம்.

ஒரு கூட்டம் முடிவெடுக்கத் தகுதி பெறக் குறைந்தபட்சம் எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்பதே குறைவெண். அது எட்டப்படாத கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்பது பொதுவான சட்டக் கோட்பாடு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் கீழ் 1998இல் வகுக்கப்பட்ட கிராம சபை விதிகள் இதை மக்கள்தொகையை வைத்து வரையறுக்கின்றன. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர்; 501 முதல் 3,000 வரை 100 பேர்; 3,001 முதல் 10,000 வரை 200 பேர்; அதற்கு மேல் 300 பேர். 500 பேர் வாழும் சிற்றூரில் பத்தில் ஒருவர் வர வேண்டும். 10,000 பேர் வாழும் ஊராட்சியிலோ ஐம்பதில் ஒருவர் வந்தால் போதும். ஊர் பெரிதாகப் பெரிதாக மக்களின் தேவை குறைகிறது!

இன்னொரு சூழலையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. இட ஒதுக்கீட்டில் வென்ற தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத காலத்தில், ஒரு தலித் குடிமகள் தன் ஊர் நிர்வாகத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்கச் சட்டப்படி எஞ்சியிருக்கும் அவை கிராம சபை ஒன்றே. எனவே அதன் குறைவெண்ணை அலுவலகச் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

கோரம் என்ற சொல்லின் பிறப்பு இங்கே நமக்கு உதவும். அது இலத்தீனச் சொல். 'அவர்களுள்' என்று பொருள். இங்கிலாந்தில் மன்னர் அமைதி நீதிபதிகளை நியமிக்கும் ஆணையில், பலரின் பெயர்களை அடுக்கிவிட்டு, அவர்களுள் இன்னின்னாரில் ஒருவராவது அமர்வில் இருந்தாக வேண்டும் என்று தனியே குறிப்பிடுவது மரபு. அப்படிக் குறிக்கப்பட்டவர்களே கோரம் எனப்பட்டனர். அதாவது அச்சொல் முதலில் ஆளைக் குறித்தது. தலைக்கணக்காக மாறியது பிற்பாடு. நமது மண்ணிலும் யார் என்ற கேள்வியே முன்னால் நின்றது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை ஜனநாயகம் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள். வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை இருந்தால்தான் அந்தக் குடத்துக்குள் பெயர் விழும் என்பதை ஏனோ மேடையில் சொல்வதில்லை.

எண்ணை மட்டும் வைத்து எழுதப்படும் குறைவெண் நமக்கு என்ன செய்கிறது என்பதைக் காண, தமிழ்நாட்டில் கலந்து வாழ்வதற்கென்றே அரசு கட்டிய ஒரே குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தின் முதல் குடியிருப்பு 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் சமத்துவபுரங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள்: தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. சமுதாயக் கூடமும் மயானமும் அனைவருக்கும் பொது என்பதே திட்டத்தின் உயிர். பொதுவான ஒன்று இருக்கும் இடத்தில் கூட்டு முடிவும் இருந்தாக வேண்டும். கூடத்தை யாருக்கு, என்ன வாடகைக்கு விடுவது? குழாயில் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது? திருவிழாவுக்கு வரி வசூலிப்பதா, கூடாதா?

இந்த 100 வீட்டினர் ஒரு சங்கம் அமைத்து, வீட்டுக்கு ஒரு வாக்கு என்று வைத்துக்கொண்டு, குறைவெண் எழுத உட்காருகிறார்கள் என்போம். சாதிவாரியாகப் பிளவு வரும் பிரச்சினைகளில் 40 வீடுகள் ஒருபுறம், 60 வீடுகள் மறுபுறம் நிற்கும். குறைவெண் 40க்குள் இருந்தால் இரு தரப்பில் எவரும் மற்றவர் இல்லாமலே கூட்டம் நடத்த முடியும். 61க்கு மேல் இருந்தால் இரு தரப்பும் இல்லாமல் கூட்டமே கூடாது. இடையில் உள்ள 41 முதல் 60 வரையிலான எண்களைப் பாருங்கள். 60 வீட்டினர் நாம் இல்லாமலே கூடி முடிவெடுக்கலாம். நாம் 40 வீட்டினரும் முழுமையாகத் திரண்டு வந்தாலும் அவர்கள் இல்லாமல் கூட்டத்தைத் தொடங்கவே முடியாது. நமக்கு எதிரான தீர்மானத்தை அவர்கள் வந்து நிறைவேற்றலாம். நமக்கு ஆதரவான தீர்மானத்தை வராமலே முறியடிக்கலாம். 'பாதிப் பேராவது வர வேண்டாமா' என்று எல்லோரும் நியாயமாகச் சொல்லும் 51 சரியாக இந்த இடைவெளியில்தான் விழுகிறது.

சாதாரண ஊராட்சியில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 20 விழுக்காடு. 1,000 வாக்காளர்களில் 200 பேர் நம்மவர் என்றால் 201 முதல் 800 வரை எந்த எண்ணை வைத்தாலும் அது ஒருபக்கச் சாய்வுடைய எண். கிராம சபைக்கு வருகிறவர்கள் குறைவு, எனவே குறைவெண்ணை உயர்த்த வேண்டும் என்று நல்ல நோக்கமுள்ள அமைப்புகள் பல கோரி வருகின்றன. நாங்கள் அதை ஏற்கவில்லை. இன்றைய அட்டவணையில் உள்ள 100, 200 போன்ற சிறிய எண்கள் நமக்கு முற்றிலும் பாதகமானவை அல்ல. காலனி மக்கள் ஒருங்கிணைந்து வந்தால் அந்த எண்ணைத் தாங்களே எட்டி, ஊர் புறக்கணித்தாலும் கூட்டத்தை நடத்திக் காட்ட முடியும். எண்ணை உயர்த்தினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

புறக்கணிப்பு என்பது கற்பனையான அச்சம் அல்ல. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்க மறுத்து, 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் உள்ளாட்சியையே முடக்கினார்கள். வேட்புமனு வராமல் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் ஆளை நிறுத்தி, வென்ற கையோடு பதவி விலகச் செய்தார்கள். நாற்காலியைக் காலியாக வைப்பது ஆதிக்கத்தின் பழைய உத்தி. அதிக எண்ணுள்ள குறைவெண் அந்த உத்திக்குச் சட்டத்தின் முத்திரையையும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

இதை முன்கூட்டியே கண்டவர் டாக்டர் அம்பேத்கர். பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு வாரங்கூட முடியாத 1932 அக்டோபரில், பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதாவின் மீது பேசியபோது, வயதுவந்தோர் வாக்குரிமை மட்டும் போதாது, ஊரில் சிறுபான்மையாக வாழும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குப் பஞ்சாயத்தில் தனியே இடம் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று வாதிட்டார். தேர்ந்தெடுக்கப்படும் பதவிகளைப் பொறுத்தவரை 73ஆவது திருத்தம் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. எல்லா வாக்காளர்களும் உறுப்பினராக உள்ள கிராம சபையில் ஒதுக்கீட்டுக்கு இடமில்லை. அங்கே அதே பாதுகாப்பைத் தரக்கூடியது குறைவெண் மட்டுமே.

பிற மாநிலங்கள் சில இந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கின்றன. கர்நாடகச் சட்டத்தில் கிராம சபையின் குறைவெண் மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அது. அதனுடன், வருவோரில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தங்கள் மக்கள்தொகை விகிதத்தில் இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. மத்தியப் பிரதேசச் சட்டமும் இதே போக்கில் அமைந்தது. தமிழ்நாட்டில் பெண்களும் பட்டியல் சமூகத்தினரும் திரளாக வர வேண்டும் என்று அறிவுரையாக எவ்வளவு சொல்லப்பட்டாலும், விதியின் அட்டவணை கேட்பது தலைக்கணக்கை மட்டும்தான்.

நமக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம் சமவெளியில் இல்லை, மேலே மலையில் இருக்கிறது. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் பொருந்தும் வன உரிமைச் சட்டத்தின் விதிகள் 2012இல் திருத்தப்பட்டன. அதன்படி கிராம சபையின் குறைவெண் உறுப்பினரில் பாதி. வந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்கள். வன உரிமைக் கோரிக்கைகள் மீது தீர்மானம் நிறைவேற்றும்போது, அந்தக் கோரிக்கையாளர்களிலோ அவர்களுடைய பிரதிநிதிகளிலோ பாதிப் பேராவது நேரில் இருந்தாக வேண்டும். முடிவு யாரைத் தொடுகிறதோ அவர்களை எண்ணு என்கிறது இவ்விதி. இத்தகைய கிராம சபைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை ஒடிசாவின் நியம்கிரி காட்டியது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கேள்வியைக் கிராம சபைகளிடமே விட, 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தன.

மலையில் பொருந்தும் கொள்கை காலனிக்கும் சமத்துவபுரத்துக்கும் ஏன் பொருந்தாது? ஒரு சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்யும்போது துணைவிதிகளை உறுப்பினர்களே எழுதுகிறார்கள். நடைமுறையில் கடையில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தை அப்படியே நகலெடுத்துவிடுகிறோம். அதில் குறைவெண் 'மூன்றில் ஒரு பங்கு' என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும். அந்த வரியில்தான் நமது உழைப்பு தேவைப்படுகிறது.

100 வீட்டுச் சமத்துவபுரத்துக்கு நாங்கள் எழுதித் தருவதாக இருந்தால் மொத்த எண்ணை 34 என்று குறைவாகவே வைப்போம். அந்த 34இல் குறைந்தது 14 தலித் வீடுகள் இருக்க வேண்டும் என்று சேர்ப்போம். மறுதரப்புக்கும் அப்படி ஒரு எண் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. 60 வீட்டினருக்கு ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் வந்து வாக்களித்துத் தோற்கடிக்க முடியும். பெரும்பான்மைக்குப் பாதுகாப்பு வாக்கு. வாக்கில் எப்போதும் தோற்கக்கூடிய 40 வீட்டினருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்கு இருக்கக்கூடியது, தாங்கள் இல்லாமல் முடிவெடுக்க முடியாது என்ற விதி மட்டுமே. சமமற்றவர்களுக்கு ஒரே அளவுகோலை வைப்பது சமத்துவம் ஆகாது என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு குறித்த தீர்ப்புகளில் நாம் பலமுறை படித்திருக்கிறோம்.

அந்த 14 வீட்டினரும் வந்து, வாக்கெடுப்பில் தோற்றால்? தோற்கலாம்தான். குறைவெண் எந்த வாக்கெடுப்பிலும் வெற்றியை வாங்கித் தராது. ஆனால் முடிவு முகத்துக்கு நேரே எடுக்கப்படும், மறுப்பு பதிவேட்டில் ஏறும், பின்னாளில் வழக்காடும்போது அந்த ஏடு சாட்சியாகும். மயானம், தண்ணீர், பாதை, வீட்டுமனை ஆகியவற்றில் ஒருவரிடம் இருப்பதைப் பறிக்கும் தீர்மானங்களுக்கு இதுவும் போதாது. அங்கே வன உரிமை விதியைப் பின்பற்றி, பாதிக்கப்படும் வீடுகளில் பாதியேனும் கூட்டத்தில் இருக்க வேண்டும், அவற்றில் பெரும்பான்மை ஒப்ப வேண்டும் என்று தனி விதி எழுத வேண்டும்.

வழக்கமாக ஏமாற்றப்படும் இடம் ஒத்திவைத்த கூட்டம். கம்பெனிகள் சட்டம், 2013இன் 103ஆவது பிரிவு சொல்வதைப் பாருங்கள். குறைவெண் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்ட பொதுக்கூட்டம் மறுமுறை கூடும்போது அரை மணி நேரத்தில் குறைவெண் சேராவிட்டால், வந்தவர்களே குறைவெண். பங்குதாரர்களுக்கு இது வசதியாக இருக்கலாம். இதையே நகலெடுக்கும் சங்கத்தில், முதல் கூட்டத்தை வேண்டுமென்றே சேரவிடாமல் செய்து இரண்டாவதில் ஐந்து பேர் ஊரையே விற்றுவிடலாம். ஒத்திவைத்த கூட்டம் பழைய பொருள்நிரலை மட்டுமே எடுக்க வேண்டும், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. எந்தத் தரப்பு வராததால் கூட்டம் நின்றதோ அந்தத் தரப்பு வாழும் தெருவில், அவர்களுக்கு வேலையில்லாத நேரத்தில் அது நடக்க வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் ஷிப்டு பார்ப்பவருக்கும், சேகோ ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் கூலிக்கு நிற்பவருக்கும் காலை பதினொரு மணிக் கூட்டம் என்பது நடைமுறையில் 'வராதே' என்ற அறிவிப்புதான். அப்படி அவர்கள் தெருவுக்கே சென்றும் எவரும் வராவிட்டால், உரிமையைப் பறிக்காத சாதாரண விஷயங்களில் கூட்டம் முடிவெடுக்கலாம். இல்லையேல் நமது பெயரைச் சொல்லி நம்மில் நால்வர் எல்லாவற்றையும் முடக்கிவைக்கும் நிலையும் வரும்.

எப்போது எண்ணுவது என்பதும் முக்கியம். நாடாளுமன்ற அவையின் குறைவெண் பத்தில் ஒரு பங்கு. அரசமைப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, அவை நடக்கும்போது எந்த வேளையில் குறைவெண் இல்லாமல் போனாலும் அவையை ஒத்திவைப்பதோ நிறுத்திவைப்பதோ அவைத்தலைவரின் கடமை என்கிறது. சட்டமன்றத்துக்கு 189ஆவது பிரிவும் அப்படியே. நமது கிராம சபைகளில் காலையில் இட்ட கையெழுத்து மாலை வரை செல்லுபடியாகிறது. சில ஊர்களில் கையெழுத்துத் தாள் மறுநாள் வீடுவீடாகவும் போகிறது. தீர்மானத்தை வாசித்து, வாக்கெடுத்து, அந்த நேரத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கையைத் தீர்மானத்தின் கீழேயே எழுதி, அதன்பின் கையெழுத்து வாங்க வேண்டும். வரிசையை மாற்றினாலே நூறு நாள் வேலைப் பெண்களைப் பந்தலுக்கு நிரப்பும் பழக்கம் பயனற்றுப் போகும். அல்லது, இன்னும் நல்லதாக, அவர்கள் இறுதிவரை உட்கார்ந்து கேட்க நேரும்.

உட்காருவது என்றதும் 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட புகைப்படம் நினைவுக்கு வருகிறது. அந்த அறையில் குறைவெண் இருந்திருக்கலாம், தலைவரும் இருந்தார். ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையாற்றவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(m) பிரிவின்படி குற்றம். வந்தவர் வாய் திறக்க முடியாத நிலையில் இருந்தால் குறைவெண் விதி எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் வெற்றுத்தாள். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் அவர் எதிரில் கை தூக்க மாட்டார். எனவே பிணக்குள்ள விஷயங்களில் இரகசிய வாக்கு வேண்டும்.

நமக்குள்ளும் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 40 தலித் வீடுகளில் 14 என்று எழுதிவிட்டால், அந்த 14உம் ஒரே உட்சாதியிலிருந்து வரலாம். அருந்ததியர் பெருமளவில் வாழும் இம்மாவட்டங்களில், அவர்களுக்கு 2009இல் உள் ஒதுக்கீடு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு வாக்கு என்ற விதியோ பெண்களைச் சத்தமில்லாமல் வெளியே நிறுத்துகிறது. வருகிறவர் பெரும்பாலும் ஆண். வீட்டுக்கு இருவர், அதில் ஒருவர் பெண் என்று எழுதுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. நமது இயக்கங்கள் எத்தனையின் துணைவிதிகளில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்பதைத் தோழர்கள் அவரவர் அலுவலக அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

கிராம சபை விதிகளில் வகுப்புவாரிக் குறைவெண்ணைச் சேர்ப்பது அரசின் கையில் இருக்கிறது. விதியைத் திருத்தினால் போதும், சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. அதுவரை செய்யக்கூடியவை உண்டு. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் வருகைப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு இரண்டின் நகல்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், அந்தத் தெருவுக்கு எத்தனை தீர்மானம் கிடைத்தது என்று இரண்டு பத்திகளாக எழுதுங்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு வார விடுமுறையில் தங்கள் ஊராட்சிக்கு இதைச் செய்து முடிக்கலாம். மூன்று கூட்டங்களின் கணக்கு கையில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கப்படும்போது எழுந்து, இப்போது இங்கே எத்தனை பேர் இருக்கிறோம், எண்ணிப் பதிவு செய்யுங்கள் என்று தனி அலுவலரிடம் கேட்க முடியும்.